திட்டமிடும் பொறியும் தீவகக் கடலும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தில் பழந்தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. அதிற் குறிக்கப்படும் ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையே என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. பிறநாட்டு வணிகர் அத்துறைக்கு வரல்வேண்டும் என்றும், வருவோர்க்குக் காவல் அளிக்கப்படும் என்றும் கூறிய மன்னன், கப்பல் உடைந்துபோமாயின் செய்யவேண்டியது யாது என்பதையும் வரையறுத்தான். யானையும் குதிரையும் கொணர்ந்த கப்பல் உடையுமாயின் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கொணர்ந்த கப்பல் உடையுமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு. மற்றப் பாதி உடையவனுக்கு. இதுவே அவ்வாணையின் சாரம்.

இச்சிறு விதியில் மூன்று பொருள்கள் ஒருங்கே அமைந்திருக்கின்றன. ‘உடையுமாயின்’ என்பதில் நிற்கும் ‘ஆயின்’ அளவையியலுக்கு உரிய சொல். இன்னது நிகழின் இன்னது செய்க என்று அது கட்டுப்படுத்துகின்றது. கப்பல் உடையவும் கூடும், உடையாது கரைசேரவும் கூடும் என்னும் ஐயம் நிகழ்தகவுக்கு உரியது. கால் பங்கு, அரைப் பங்கு என்னும் வேறுபாடு விழுமியத்தைக் காட்டுகின்றது. அரசனுக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்தமையால், அவற்றைக் கொணரும் வணிகனின் இழப்பை அவன் குறைத்தான். அளவை, நிகழ்தகவு, விழுமியம் என்னும் இம்மூன்றையும் ஒரு பொறியினுள் ஒன்றுசேர்ப்பது எங்ஙனம் என்பது, செயற்கை நுண்ணறிவு என்னும் துறையிலே திட்டமிடலை ஆராய்வோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா. அவ்வினா எவ்வாறு எழுந்தது, அதற்குக் கிடைத்துள்ள விடை எத்தன்மையது என்பவை தீவக மக்களும் அறிந்திருக்கவேண்டிய செய்திகளே.

திட்டம் என்பது குறிக்கோளை நோக்கி ஒழுங்குபடுத்தப்பட்ட செயல்களின் வரிசை. அனலைதீவில் ஒருவருக்கு மாலைப்பொழுதில் நெஞ்சு நோவு கண்டது எனக் கொள்க. அவரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் குறிக்கோள். அனலைதீவுக்குத் தரைவழி இல்லை. அங்கிருந்து வரும் படகு ஊர்காவற்றுறையையே சேர்கின்றது. ஆகவே நோயாளரை இறங்குதுறைக்குக் கொணர்தல், படகில் ஏற்றல், ஊர்காவற்றுறையில் இறக்கல், நோயாளர் காவு வண்டியில் ஏற்றல், வேலணை வழியே சென்று பண்ணைத் தாம்போதியைக் கடத்தல் என்று செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமையும். இவ்வரிசையைத் தீவகத்தார் எவரும் நொடிப்பொழுதில் வகுத்துவிடுவர். ஒரு பொறியைக் கொண்டு வகுப்பிப்பது எங்ஙனம்?

1971ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் றிச்சட் பைக்ஸ், நில்ஸ் நில்சன் என்னும் இருவர் இதற்கு ஒரு வழி கூறினர். அறைகளினிடையே நகர்ந்து பெட்டிகளைத் தள்ளிய ‘ஷேக்கி’ என்னும் பொறியின்பொருட்டு அவர்கள் அமைத்த அம்முறைக்கு ‘ஸ்றிப்ஸ்’ என்பது பெயர். ஒவ்வொரு செயலுக்கும் மூன்று குறிப்புக்கள் எழுதப்படும். செயல் தொடங்குமுன் எவை உண்மையாக இருத்தல் வேண்டும்? செயல் முடிந்தபின் எவை புதிதாக உண்மையாகும்? எவை உண்மையல்லாதன ஆகும்? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ‘பாதை’ என்று மக்கள் வழங்கும் மிதவையை எடுத்துக்கொள்வோமாயின், பயணி ஊர்காவற்றுறையில் இருத்தலும் பாதை அக்கரையின்றி இக்கரையில் நிற்றலும் முன்நிபந்தனைகள். கடந்தபின், ‘பயணி காரைநகரில் உள்ளார்’ என்பது உண்மையாகும். ‘பயணி ஊர்காவற்றுறையில் உள்ளார்’ என்பது நீங்கும். இத்தகைய குறிப்புக்களைப் பொறிக்குக் கொடுத்துவிட்டால், ஒரு செயலின் விளைவு அடுத்த செயலின் நிபந்தனையை நிறைவேற்றுமாறு கோத்து, குறிக்கோள் வரையும் செல்லும் சங்கிலியை அது தானே கண்டுபிடிக்கும்.

இம்முறையின் வலிமை அதன் பொதுமையில் உள்ளது. ‘எந்தப் பயணியாயினும், எந்தத் துறையாயினும்’ என்று ஒரு விதியை ஒருமுறை எழுதினாற் போதும். ஆயிரம் பயணிகளுக்கும் அவ்விதி பொருந்தும். மேலும், கிடைத்த திட்டம் சரியானதென்று நிறுவிக் காட்டவும் இயலும். இத்தகைய உறுதியான அனுமானம் தமிழுக்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதை அளவையியலை விரித்துரைக்கின்றது. புகை கண்டு நெருப்பை அனுமானிக்கும் எடுத்துக்காட்டும் ஆங்குண்டு. அக்காப்பியம் கூறும் மணிபல்லவம் நயினாதீவே என்பது பலர் கொள்கை.

ஆயினும் புகையினின்று நெருப்பை அறிவதுபோல, கருமுகிலினின்று மழையை உறுதியாக அறிதல் இயலாது. கடலோ அதனினும் ஐயத்துக்கு இடமானது. ‘படகு புறப்பட்டால் கரைசேரும்’ என்று எழுதிய விதி, இயந்திரம் பழுதுறாதாயின், எரிபொருள் தீராதாயின், கொண்டல் வலுக்காதாயின் என்று விலக்குகளைக் கேட்டுக்கொண்டே போகும். அவ்வடுக்குக்கு முடிவில்லை. ஜோன் மக்கார்த்தி என்னும் அமெரிக்க அறிஞர் 1980ஆம் ஆண்டின் கட்டுரையொன்றில் இச்சிக்கலை ஒரு படகைக் கொண்டே விளக்கினார். ஆற்றைக் கடக்கும் பழம் புதிர் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். படகு உண்டு என்று புதிர் கூறுகின்றது. துடுப்பு உண்டென்றோ, படகில் ஓட்டை இல்லையென்றோ அது கூறவில்லை. எனினும் புதிரை விடுவிப்போர் அவற்றைப்பற்றி ஐயுறுவதில்லை. தடையென்று அறியப்படாதது தடையன்று எனக் கொள்ளும் இவ்வழக்கத்தை அளவையியலின் வடிவிலேயே அமைத்துக் காட்டினார் மக்கார்த்தி.

புதிருக்கு இது போதும். கடலுக்குப் போதாது என்பதற்குப் பாக்குநீரிணையின் மறுகரையில் ஒரு துயரச் சான்று உண்டு. 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி இரவு, இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய புயல் அக்கரையையும் சென்றடைந்தபோது, பாம்பனிலிருந்து வழமைபோலப் புறப்பட்ட பயணிகள் புகைவண்டி தனுஷ்கோடியை அணுகும் வேளையில் அலைகளால் அடித்துச் செல்லப்பட்டது. அதிற் சென்றவர் நூற்றுக்கு மேற்பட்டோர். தனுஷ்கோடி நகரமும் பாழாயிற்று. நேர அட்டவணை என்பதும் ஒரு திட்டமே. அன்றிரவு அதனுள் எழுதப்படாத ஒரு நிபந்தனை பொய்த்தது. தடை வரக்கூடும் என்பதோடு எவ்வளவு கூடும் என்பதையும் திட்டம் தன்னுள் கொண்டிருத்தல் வேண்டும். அவ்வளவைக் கூறுவது நிகழ்தகவு.

நிகழ்தகவைக்கொண்டு திட்டமிடும் மரபு அளவையியல் மரபுக்கு அயலிலே தனியாக வளர்ந்தது. 1957ஆம் ஆண்டில் றிச்சட் பெல்மன் என்னும் கணிதவியலாளர் அதற்கு உறுதியான அடித்தளம் இட்டார். உலகம் இருக்கக்கூடிய நிலைகள் யாவை, ஒவ்வொரு நிலையிலும் ஒரு செயலைச் செய்தால் அடுத்த நிலை எதுவாகும், அதன் நிகழ்தகவு எவ்வளவு, அதனால் வரும் பயன் எவ்வளவு என்று அட்டவணை இட்டு, எந்நிலையில் எச்செயல் சிறந்தது என்பதைக் கணக்கிடலாம். குறை யாதெனின், அவ்வட்டவணை கட்டுக்கடங்காது பெருகும். ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கக்கூடிய செய்திகள் 10 இருப்பின் நிலைகள் 1,024. 20 இருப்பின் பத்து இலட்சத்துக்கு மேல். 30 இருப்பின் நூறு கோடிக்கு மேல். காற்று, அலை, படகு, எரிபொருள், தொலைபேசி, வண்டி, வீதி, மருத்துவர் என்று எண்ணத் தொடங்கினாலே முப்பதை எட்டிவிடலாம்.

ஆகவே ஒரு மரபில் சுருங்கச் சொல்லும் ஆற்றல் இருந்தது. ஐயத்தை அளக்கும் கருவி இல்லை. மற்றதில் அளக்கும் கருவி இருந்தது. சுருங்கச் சொல்லும் ஆற்றல் இல்லை. இரண்டையும் இணைக்க முயன்றோருள் முன்னர்க் கூறிய நில்சனும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1986ஆம் ஆண்டில் அவர் ‘நிகழ்தகவு அளவையியல்’ என்னும் பொருள்பற்றி எழுதினார். ‘இன்று படகு வரும்’ என்பதன் நிகழ்தகவு பத்தில் 7 எனக் கொள்க. ‘படகு வருமாயின் மருந்து வரும்’ என்னும் விதியின் நிகழ்தகவு பத்தில் 9 எனக் கொள்க. மருந்து வரும் என்பதன் நிகழ்தகவு யாது? இவ்விரு செய்திகள் மட்டும் தெரிந்திருப்பின், அது பத்தில் 6க்குக் குறையாது, 9க்கு மேற்படாது என்பதே சரியான விடை. அறிந்தது எவ்வளவோ அவ்வளவே விடையும் இறுகும். அறியாததை ஓர் எண்ணால் மூடி மறைத்தற்கு அம்முறையில் இடமில்லை. 1988ஆம் ஆண்டில் ஜூடியா பேள் வெளியிட்ட நூல், எச்செய்தி எச்செய்தியைப் பாதிக்கின்றது என்று வலைப்பின்னலாக வரைந்து, பேரட்டவணையைச் சிறு அட்டவணைகளாகப் பிரிக்கும் வழியைப் பரப்பியது.

இணைப்பின்போது மற்றொரு நுட்பமும் வெளிப்பட்டது. ‘கொண்டற் காலத்துப் படகுகளில் பத்துக்கு ஒன்று பிந்துகின்றது’ என்பது பல படகுகளை எண்ணிக் கூறும் கூற்று. ‘நாளைக் காலைப் படகு பிந்துவதற்குப் பத்துக்கு ஒன்று இடமுண்டு’ என்பது ஒரே ஒரு படகைப் பற்றிய நம்பிக்கை. எண்கள் ஒத்திருப்பினும் பொருள் வேறு. 1990ஆம் ஆண்டில் ஜோசப் ஹல்பேர்ண் இவ்விரண்டையும் அளவையியலில் வெவ்வேறாக எழுதும் முறையைத் தெளிவுபடுத்தினார். முதலாவது துறைமுகப் பதிவேட்டிலிருந்து கிடைக்கும். இரண்டாவதைக் கூறுபவர் அன்றைய வானத்தையும் நோக்கல் வேண்டும்.

திட்டமிடலுக்கென்றே இவையனைத்தையும் திரட்டியவர்களுள் ஒருவர் பீற்றர் ஹடாவி. காலம், வாய்ப்பு, செயல் ஆகிய மூன்றையும் ஓர் அளவையியலில் அடக்கி அவர் எழுதிய ஆய்வு 1994ஆம் ஆண்டில் நூலாயிற்று. அதன் கருத்தை ஒரு மரத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். அடிமரம் நடந்து முடிந்த காலம். அதில் கிளை இல்லை. நிகழ்காலத்திலிருந்து மேல்நோக்கி எதிர்காலங்கள் பல கிளைகளாகப் பிரிகின்றன; ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. செயல் என்பது எந்தக் கிளைகள் எந்த அளவில் எஞ்சும் என்பதை மாற்றுவது. செயலால் எதிர்காலத்தின் வாய்ப்புக்கள் மாறும், கடந்தது மாறாது. மாலை 5 மணிக்குப் படகு கரைசேரும் வாய்ப்பு பத்தில் 8 ஆக இருக்கலாம். 6 மணிக்குப் படகு கரைசேர்ந்துவிட்டதாயின் அது முழுமை. அதன்பின் எவரும் அதைக் குறைக்க இயலாது. ஆயினும் தீவில் நின்று செய்தியை எதிர்நோக்கும் உறவினருக்கு அது இன்னும் பத்தில் 8 ஆகவே தோன்றும். உலகின் வாய்ப்பு வேறு, மனிதரின் அறிவு வேறு. திட்டமிடும் பொறி இரண்டையும் குழப்புமாயின், சேர்ந்துவிட்ட நோயாளருக்காக மற்றுமொரு படகை அனுப்பும். சேராதவரைச் சேர்ந்தவராக எண்ணி வண்டியைத் திருப்பி அனுப்பும்.

இனி அனலைதீவு நோயாளரின் திட்டத்தை எண்களோடு நோக்கலாம். இவ்வெண்கள் எடுத்துக்காட்டின்பொருட்டுக் கொள்ளப்பட்டனவேயன்றி அளந்தறிந்தவை அல்ல. கடல் இடந்தரும் வாய்ப்பு நூற்றில் 80. கடல் இடந்தரின், ஊர்காவற்றுறையில் வண்டி ஆயத்தமாக நிற்கும் வாய்ப்பு நூற்றில் 95. கடல் இடந்தராதாயின் சிறு படகு கரைசேராது. ‘படகில் ஏற்றுக, வண்டியில் ஏற்றுக’ என்னும் நேர்த்திட்டம் நிறைவேறும் வாய்ப்பு 80இல் 95 வீதம், அஃதாவது நூற்றில் 76. இப்பொழுது அத்திட்டத்தில் ஒரு ‘ஆயின்’ சேர்க்கப்படுகின்றது. முதலிற் கடலை நோக்குக. இடந்தருமாயின் சிறு படகில் ஏற்றுக. இடந்தராதாயின் சிறு படகைத் தவிர்த்துக் கடற்படையின் பெரிய படகை வேண்டுக. அவ்வழி நோயாளர் உரிய நேரத்திற் சேரும் வாய்ப்பு நூற்றில் 60 எனின், எஞ்சிய 20இல் 12 அதனாற் கிடைக்கும். மொத்தம் நூற்றில் 88. படகும் அதுவே, வண்டியும் அதுவே, காற்றும் அதுவே. ஒரு நிபந்தனைச் சொல் பன்னிரண்டு பங்கை ஈட்டித் தந்தது. ஏறியபின் இடைக்கடலில் அகப்பட்டுக்கொள்ளும் இடரையும் அது நீக்கியது.

கடலை நோக்குதல் என்பதும் இங்கு ஒரு செயலாக எண்ணப்படுவதைக் கவனித்தல் வேண்டும். அது உலகை மாற்றுவதில்லை, அறிவை மாற்றுகின்றது. அதுவும் பிழைபடலாம்: துறையிலிருந்து பார்க்கையில் அமைதியாய்த் தோன்றும் நீர் நடுவில் கொந்தளிக்கலாம். ஆகவே நோக்கியறிந்த செய்திக்கும் ஒரு நிகழ்தகவு இடப்படும். 1995ஆம் ஆண்டில் குஷ்மெரிக், ஹாங்ஸ், வெல்ட் என்னும் மூவர் வெளியிட்ட ‘புரிடான்’ என்னும் திட்டமிடும் நிரல், குறிக்கோள் நிறைவேறும் வாய்ப்பு குறித்த ஓர் எல்லையைத் தாண்டும்வரை திட்டத்தைச் செப்பஞ்செய்தது. நோக்கியறியும் செயல்களையும் நிபந்தனைக் கிளைகளையும் அதன் வழிவந்த நிரல் ஏற்றுக்கொண்டது. 2004ஆம் ஆண்டளவில், ஸ்றிப்ஸ் முறையின் முன்நிபந்தனை, விளைவு என்னும் எழுத்துமுறையோடு விளைவுகளின் நிகழ்தகவையும் எழுதற்குரிய பொதுமொழி ஒன்று, திட்டமிடும் நிரல்களுக்கான பன்னாட்டுப் போட்டியின்பொருட்டு வகுக்கப்பட்டது. பிரிந்து வளர்ந்த இரு மரபுகளும் அங்கு ஒரே ஏட்டில் இடம்பெற்றன.

இன்று மனிதரைப்போல உரையாடும் கணினி நிரல்கள் பெருகியுள்ளன. கேட்ட மாத்திரத்தில் அவை அழகிய மொழியில் ஒரு திட்டத்தை எழுதித் தரும். அவற்றை அப்படியே நம்பலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திட்டமிடல் ஆய்வை நடத்திவரும் சுப்பாராவ் கம்பம்பாட்டி இவ்வினாவை நேரடியாகச் சோதித்தார். உரையாடும் நிரல்கள் தாமாகவே சரியான திட்டம் வகுக்க வல்லன அல்ல என்பதும், அவை தரும் கருத்தை ஏற்குமுன் நிபந்தனைகளையும் விளைவுகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் கருவியொன்று உடனிருத்தல் வேண்டும் என்பதும் 2024ஆம் ஆண்டில் அவரும் உடனாய்வாளரும் வெளியிட்ட கட்டுரையின் முடிபு. இல்லாத பாலத்தின் மேல் வண்டியை ஓட்டும் திட்டமும் சொல்லழகோடு எழுதப்படக்கூடும். அனலைதீவுக்குத் தரைவழி இல்லை என்னும் ஒரு விதியே அதைக் கண்டுபிடித்து நிறுத்தும். பழைய அளவையியல் இன்னும் தேவைப்படுவது இதனாலேயே.

எனினும் அளவையும் நிகழ்தகவும் கூடிய பொறியும் தானே முடிவு செய்துவிட இயலாத ஒன்று எஞ்சுகின்றது. நூற்றில் 88 என்னும் எண் நல்லதா, தீயதா? காய்ச்சலுற்ற ஒருவருக்கு அது போதாமல், விடியும்வரை பொறுத்தலே நன்றாகலாம். நெஞ்சு நோவுற்றவர்க்கோ பேறுகால நோவுற்றவர்க்கோ விடியும்வரை பொறுத்தலே பேரிடராகலாம். அத்துடன், படகில் நோயாளர் மட்டும் செல்வதில்லை. ஓட்டியும் உடன்செல்வோரும் தம் உயிரையும் கடலில் வைக்கின்றனர். ஓர் உயிரின் பொருட்டு வேறு எத்தனை உயிர்களை எவ்வளவு இடருக்கு உட்படுத்தலாம் என்பதற்குக் கணக்கு விடை தராது. பொறிக்குள் அதற்கொரு எண் இடப்பட்டே தீரும். எவரேனும் ஒருவர் அதனை இட்டிருப்பர். யார் இட்டது, எதைக் கருதி இட்டது என்பது வெளிப்படையாக இருப்பின் தீவகத்தார் அதனை ஏற்கவோ மறுக்கவோ இயலும். மறைந்திருப்பின், ‘கணினி கூறியது’ என்னும் ஒரு சொல்லின்கீழ் அது அடங்கிப்போம்.

பராக்கிரமபாகுவின் சாசனம் இவ்வகையில் நேர்மையானது. கால் பங்கு, அரைப் பங்கு என்று மன்னன் தன் விழுமியத்தை யாவரும் படிக்குமாறு தமிழிலே கல்லில் வெட்டுவித்தான். கடலோடும் வணிகன் அதனைப் படித்து, தன் கப்பலில் எதனை ஏற்றுவது என்று தானே தீர்மானித்திருப்பான்.

நிகழ்தகவுகள் எங்கிருந்து கிடைக்கும் என்பதிலும் தீவகத்தார்க்குப் பங்குண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்புப் பெரும்பரப்பைக் குறித்தது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைத் திசைப்படி பெயரிட்டு, எக்காற்றில் எவ்விடத்து நீர் எவ்வாறு புரளும் என்பதை அறிந்திருக்கும் கடற்றொழிலாளரின் அறிவு அச்சிறு கடலுக்கே உரியது. எந்நாளில், எக்காற்றில், எப்படகு புறப்பட்டது, எப்பொழுது சேர்ந்தது, எதனால் திரும்பியது என்பவை இறங்குதுறைகளில் நாள்தோறும் பதியப்படுமாயின், மேலே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்ட எண்களின் இடத்தில் உண்மையான எண்கள் வந்து அமையும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பதிவேடும் அதனை நாள்தவறாது எழுதும் ஒருவரும் போதும். அத்தகைய எண்கள் கிடைக்கும்வரை, துறையில் நின்று காற்றை முகத்தில் ஏற்று ‘இன்று வேண்டாம்’ என்று கூறும் படகோட்டியின் சொல்லை எந்தப் பொறியின் திட்டமும் முதல் நிபந்தனையாக எழுதிக்கொள்ளல் தகும்.